நான்கு நாளில் பிடித்த சினாயை ஏன் வைத்திருக்க முடியவில்லை?

திருக்குர்ஆனை ஓதி வருகிறவர்களுக்கு சினாய் அறிமுகமில்லாத பெயர் அல்ல. அல்முஃமினூன் அத்தியாயத்திலும் அத்தீன் அத்தியாயத்திலும் அந்த மலை பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒவ்வொரு தாயும் அந்த மண்ணை ஒரு முறையாவது மனக்கண்ணால் கடந்து வந்திருப்பார். அதே சினாய் நம் காலத்திலும் ஒரு பெரிய பாடத்தைச் சொல்லிச் சென்றிருக்கிறது. அது போர்க்கலைப் பாடம் மட்டுமல்ல, கணக்குப் பாடமும்கூட.

1967 ஜூன் போர் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் இளைஞர்கள் ஒரு கேள்வியைக் கேட்பார்கள்: "அத்தனை சின்ன நாடு எப்படி ஹஜ்ரத் அவ்வளவு பெரிய நிலத்தைப் பிடித்தது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நூல்கள் ஏராளம். ஆனால் இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பிடித்த நிலத்தை அந்த நாடு ஏன் பதினைந்து ஆண்டுகளில் முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தது? இந்த இரண்டாவது கேள்விக்கான விடையைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நிலமும் அதன் மதிப்பும்

சினாய் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைக்கும் முக்கோண வடிவத் தீபகற்பம். பரப்பளவு சுமார் 60,000 சதுர கிலோமீட்டர். 1949 போர்நிறுத்தக் கோட்டுக்குள் இருந்த இஸ்ரேலின் பரப்பளவு ஏறத்தாழ 20,700 சதுர கிலோமீட்டர்தான். அதாவது பிடிக்கப்பட்ட நிலம், பிடித்த நாட்டைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அதன் மேற்கு ஓரத்தில் சூயஸ் கால்வாய். தென் முனையில் ஷர்முஷ் ஷெய்க். அதன் எதிரே திரான் நீரிணை. செங்கடலிலிருந்து அகபா வளைகுடாவுக்குள் நுழையும் கப்பல்கள் அந்த ஒடுங்கிய வழியாகத்தான் போக வேண்டும். நடுவே மித்லா, ஜித்தி ஆகிய கணவாய்கள். தென்மேற்குக் கரையில் அபூ ருதைஸ் எண்ணெய் வயல்கள். ஒரு படைத்தளபதி வரைபடத்தைப் பார்த்தால் கை வைக்க ஆசைப்படும் இடங்கள் எல்லாம் ஒரே தீபகற்பத்தில் இருந்தன.

இஸ்ரேல் இந்த நிலத்தை இரண்டு முறை பிடித்தது. முதல் முறை 1956 அக்டோபர் இறுதியில், பிரிட்டனோடும் பிரான்ஸோடும் சேர்ந்து. அமெரிக்க அதிபர் ஐசனோவர் கொடுத்த அழுத்தத்தால் 1957 மார்ச்சில் வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு ஐ.நா. அவசரப் படை அங்கு நிறுத்தப்பட்டது. அதில் இந்திய வீரர்களும் இருந்தனர். அதன் கடைசித் தளபதி இந்தியாவைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்யே.

1967 மே மாதம் எகிப்து அதிபர் ஜமால் அப்துன் நாசர் அந்தப் படையை வெளியேறச் சொன்னார். திரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடினார். ஜூன் 5 அன்று இஸ்ரேல் தாக்குதலைத் தொடங்கியது. ஜூன் 8 அன்று அதன் படைகள் சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் நின்றன. நான்கே நாள். காஸாவில் இன்னும் இருந்த இந்திய அமைதிப்படை வீரர்கள் சிலரும் அந்தப் போரில் உயிரிழந்தனர்.

முதல் சிக்கல்: ஆள் பற்றாக்குறை

அன்று இஸ்ரேலின் மக்கள்தொகை சுமார் 27 லட்சம். எகிப்தின் மக்கள்தொகை 3 கோடிக்கும் மேல். போருக்காக இஸ்ரேல் திரட்டிய வீரர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம். அதாவது குழந்தைகள், முதியவர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணினாலும் பத்தில் ஒருவர் சீருடையில் இருந்தார்.

இதன் பொருளை நம் வீட்டுக் கணக்கில் யோசித்துப் பாருங்கள். இந்த வீரர்களில் பெரும்பாலோர் முழுநேரச் சிப்பாய்கள் அல்ல, ரிசர்வ் வீரர்கள். பஸ் ஓட்டுநர், பள்ளி ஆசிரியர், தொழிற்சாலைப் பணியாளர், விவசாயி ஆகியோரே அழைப்பு வந்ததும் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் எல்லையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஊரில் பஸ் ஓடாது, தொழிற்சாலை இயங்காது, அறுவடை நடக்காது. ஆகவே இப்படிப்பட்ட நாடு போரைச் சீக்கிரம் முடித்து வீடு திரும்பத்தான் விரும்பும். குறுகிய போர் அதன் பலம். நீண்ட காவல் அதன் பலவீனம்.

சினாயைப் பிடித்தது குறுகிய போர். அதை வைத்திருப்பதோ முடிவில்லாத காவல்.

இது அந்த மண்ணுக்குப் புதிய அனுபவம் அல்ல. சிலுவைப் போர்க்காரர்கள் நிறுவிய ஜெருசலேம் அரசுக்கும் இதே நோய் இருந்தது. அவர்களிடம் வலுவான கோட்டைகள் இருந்தன. ஆனால் கோட்டைகளிலும் ஆள் நிறுத்தி, களத்திலும் படை நிறுத்தும் அளவுக்கு மனிதர்கள் இல்லை. 1187ல் கோட்டைகளிலிருந்து வீரர்களை வழித்தெடுத்து ஹித்தீன் களத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியிடம் தோற்றதும், காவல் குறைந்த கோட்டைகளும் நகரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கல்லும் மதிலும் இருந்தன. காக்க ஆள் இல்லை.

இரண்டாவது சிக்கல்: தூரம்

1967க்கு முன் இஸ்ரேலியப் படைக்கு எகிப்து எல்லை வீட்டு வாசல் போன்றது. போருக்குப் பின் எதிரி இன்னும் தள்ளிப் போனான். நாட்டுக்குள் இருக்கும் நகரங்கள் பாதுகாப்பாயின. இது உண்மையான லாபம்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த லாபத்துக்கு ஒரு விலை இருந்தது. பழைய எல்லையிலிருந்து கால்வாய் வரை சுமார் 200 கிலோமீட்டர் பாலைவனம். கால்வாயில் நிற்கும் வீரனுக்குத் தண்ணீர், ரொட்டி, எரிபொருள், குண்டு எல்லாம் அந்தத் தூரத்தைக் கடந்து போக வேண்டும். அதற்குச் சாலைகள், கிடங்குகள், விமானத் தளங்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

கால்வாயின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். அதை எப்படிக் காப்பது என்பதில் இஸ்ரேலியத் தளபதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. கரையோரம் நிலையான அரண் கட்ட வேண்டும் என்றது ஒரு தரப்பு. கரையை லேசாகக் கண்காணித்துவிட்டு, டாங்குப் படையை உள்ளே தள்ளி வைத்து, எதிரி கடந்து வந்தால் பாய்ந்து தாக்க வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. இஸ்ராயேல் தால், ஏரியல் ஷரோன் ஆகியோர் இந்த இரண்டாவது தரப்பு. முதல் தரப்பின் கருத்தே வென்றது. அப்போதைய தலைமைத் தளபதி ஹயிம் பார்லெவின் பெயரால் 'பார்லெவ் அரண்' எழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட காவல் நிலைகள். கால்வாய்க் கரையில் சில இடங்களில் இருபது மீட்டர் உயரத்துக்கு மணல் மதில்.

இதில் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். ஆழம் கிடைக்கட்டும் என்றுதான் நிலத்தைப் பிடித்தார்கள். ஆனால் பிடித்த பிறகு அதில் ஓர் அடியும் விட மனமில்லாமல் நுனியிலேயே போய் உட்கார்ந்தார்கள். பின்வாங்கிப் போரிடத்தான் ஆழம் உதவும். பின்வாங்க மாட்டேன் என்பவனுக்கு ஆழம் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது சிக்கல்: தேயவைக்கும் போர்

நிலம் இழந்தவர் சும்மா இருக்கமாட்டார். 1967 அக்டோபர் 21 அன்று போர்ட் ஸயீத் கடற்பகுதியில் 'எய்லத்' என்ற இஸ்ரேலியப் போர்க்கப்பலை எகிப்திய ஏவுகணைப் படகுகள் மூழ்கடித்தன; 47 பேர் இறந்தனர். 1969 மார்ச் முதல் 1970 ஆகஸ்ட் வரை கால்வாயின் இரு கரைகளிலும் பீரங்கிச் சண்டை ஓயவில்லை. வரலாற்றில் இதற்குத் 'தேயவைக்கும் போர்' என்று பெயர்.

இதில் எகிப்து கொடுத்த விலையும் சாதாரணமானதல்ல. அதன் தலைமைத் தளபதி அப்துல் முன்இம் ரியாத் 1969 மார்ச் 9 அன்று போர்முனையிலேயே கொல்லப்பட்டார். சூயஸ், இஸ்மாயிலிய்யா, போர்ட் ஸயீத் நகரங்களிலிருந்து பல லட்சம் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். 1967ல் மூடிய சூயஸ் கால்வாய் 1975 ஜூனில்தான் மீண்டும் திறந்தது. அத்தனை ஆண்டுகளும் அதன் வருமானம் இல்லை.

ஆனாலும் இழப்பைத் தாங்குவதில் இரு நாடுகளுக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. மூன்று கோடிப் பேர் உள்ள நாடு நூறு வீரர்களை இழப்பதும், முப்பது லட்சம் பேர் உள்ள நாடு நூறு வீரர்களை இழப்பதும் ஒன்றல்ல. சின்ன நாட்டில் ஒவ்வொரு ஜனாஸாவும் ஊரறிந்த செய்தி. எகிப்து இதைப் புரிந்துகொண்டே நிதானமாகத் தாக்கியது.

நான்காவது சிக்கல்: பணம்

1967க்கு முந்தைய ஆண்டுகளில் இஸ்ரேலின் பாதுகாப்புச் செலவு அதன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறியது. 1973 போரை ஒட்டிய ஆண்டுகளில் அதையும் தாண்டியது. நூறு ரூபாய் சம்பாதிக்கும் குடும்பம் பூட்டுக்கும் காவலாளிக்கும் மட்டுமே இருபது, முப்பது ரூபாய் செலவழித்தால் அந்த வீடு எப்படி நடக்கும்? 1980ல் அந்நாட்டின் பணவீக்கம் நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பாதுகாப்புச் சுமை அவற்றில் முக்கியமானது.

பணத்தட்டுப்பாடு போர்முனையிலும் எதிரொலித்தது. 1973 மே மாதம் எகிப்து தாக்கப்போகிறது என்று அஞ்சி இஸ்ரேல் ரிசர்வ் வீரர்களை அழைத்தது. பெரும் செலவு ஆனது, போர் வரவில்லை. அக்டோபரில் மீண்டும் அறிகுறிகள் தெரிந்தபோது முழுமையாகத் திரட்டத் தயங்கியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் நாட்டையே நிறுத்திவைக்க ஒரு சிறிய நாட்டால் முடியாது.

ரமளான் 10

1973 அக்டோபர் 6. ஹிஜ்ரி 1393 ரமளான் பிறை 10. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளும் அதுவே. எகிப்தின் திட்டத்துக்கு 'பத்ர்' என்று பெயர். பிற்பகல் இரண்டு மணியளவில் தாக்குதல் தொடங்கியது. அந்த நேரத்தில் 160 கிலோமீட்டர் நீளமுள்ள பார்லெவ் அரணில் இருந்த இஸ்ரேலிய வீரர்கள் சுமார் 450 பேர் மட்டுமே.

பெரிய மணல் மதிலை உடைக்க எகிப்தியர்கள் வெடிமருந்தை நம்பவில்லை, தண்ணீரை நம்பினார்கள். அஸ்வான் அணைக் கட்டுமானத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை அகற்றியதைக் கண்டிருந்த பாக்கி ஸகீ யூஸுஃப் என்ற பொறியாளர் அதிகாரியின் யோசனை அது. அவர் ஒரு கிப்திக் கிறிஸ்தவர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சக்திவாய்ந்த பம்புகளால் கால்வாய் நீரையே பீய்ச்சி, சில மணி நேரத்தில் மதிலில் வழிகள் திறக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் கட்டிய அரண் ஒரே மாலையில் பயனற்றுப்போனது.

நம் மேடைப் பேச்சுகள் பல இந்த இடத்தில் தக்பீருடன் முடிந்துவிடுகின்றன. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. அக்டோபர் 14 அன்று எகிப்தியப் படை தன் விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் பாதுகாப்பு எல்லையைத் தாண்டி முன்னேற முயன்று பெரும் இழப்பைச் சந்தித்தது. அடுத்த இரவே இஸ்ரேலியப் படை தெவர்சுவார் பகுதியில் கால்வாயைக் கடந்து மேற்குக் கரைக்குள் நுழைந்தது. எகிப்தின் மூன்றாம் படையையும் சூயஸ் நகரையும் சுற்றி வளைத்தது. போர்க்களத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் இஸ்ரேலே மேலோங்கியிருந்தது. உண்மையை மறைத்துப் பெருமை பேசுவது நமக்கு அழகல்ல.

இங்குதான் விஷயத்தின் ஆணிவேர் இருக்கிறது. போர்க்களத்தில் மேலோங்கி முடித்த நாடுதான் பிறகு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஏன்? சுமார் 2,600 வீரர்களை இழந்திருந்தது. போரின் நடுவிலேயே ஆயுதங்கள் குறைந்து, அக்டோபர் 14 முதல் அமெரிக்க விமானங்கள் கொண்டுவந்த தளவாடங்களை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. அந்த விமானங்கள் வழியில் எரிபொருள் நிரப்பப் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுத் தளம் தேவைப்பட்டது. தன் நிலத்தைக் காக்க இத்தனை பேரின் தயவு வேண்டியிருந்தால், அந்த நிலம் பற்றிய முடிவும் தனியாக அவன் கையில் இருக்காது. மூன்றாம் படையை முழுவதுமாக நசுக்க விடாமல் தடுத்ததும் அமெரிக்க அழுத்தம்தான்.

ஐந்தாவது சிக்கல்: உரிமையும் மக்களும்

1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், போரால் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்றது. தீர்மானம் மட்டுமே நிலத்தை மீட்டுத் தந்துவிடாது என்பதை நாம் கண்டுகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் உரிமைப் பத்திரம் இல்லாத வீட்டில் குடியிருப்பவனுக்கு நிம்மதி இருக்காது என்பதும் உண்மை.

பிடித்த நிலத்தைச் சொந்தமாக்க, குடியேற்றங்களை அமைத்தார்கள். ரஃபாவுக்குத் தென்மேற்கே யமீத் என்ற நகரம் எழுந்தது. அதற்கு இடம் ஒதுக்க 1972 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பதூயின் மக்கள் தங்கள் கூடாரங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் விரட்டப்பட்டனர். பாதுகாப்பைக் கூட்டும் என்று சொல்லப்பட்ட குடியேற்றங்களைப் பாதுகாக்கவே பிறகு படை தேவைப்பட்டது. சொந்த மக்களைக் குடியமர்த்தியதால், பிற்காலத்தில் அவர்களை வெளியேற்றுவது அரசுக்கே பெரும் தலைவலியானது.

திருப்பிக் கொடுத்த கதை

1974 ஜனவரியில் முதல் விலகல். 1975 செப்டம்பரில் இரண்டாவது விலகல். மித்லா, ஜித்தி கணவாய்களும் அபூ ருதைஸ் எண்ணெய் வயல்களும் கைவிடப்பட்டன. 1977 நவம்பரில் அன்வர் சாதாத் ஜெருசலேம் சென்றார். 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட் உடன்பாடு. 1979 மார்ச் 26 அன்று சமாதான ஒப்பந்தம். 1982 ஏப்ரல் 25 அன்று கடைசி இஸ்ரேலிய வீரரும் வெளியேறினார். யமீத் நகரத்தை இஸ்ரேலே இடித்துத் தரைமட்டமாக்கியது. எகிப்து எல்லையிலுள்ள தாபா என்ற சின்னஞ்சிறு கடற்கரைத் துண்டு மட்டும் சர்ச்சையில் நின்றது. அதுவும் நடுவர் மன்றத் தீர்ப்பின்படி 1989ல் எகிப்திடம் வந்தது.

சமாதானம் இருந்து ஷர்முஷ் ஷெய்க் இல்லாமல் போவதைவிட, ஷர்முஷ் ஷெய்க் இருந்து சமாதானம் இல்லாமல் போவதே மேல் என்ற பொருளில் ஒரு காலத்தில் பேசியவர் மோஷே தயான். கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தையில் அதே தயான் இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சராக அமர்ந்திருந்தார். மனிதரை மாற்றியது எதிர்த்தரப்பின் சொற்பொழிவு அல்ல. பத்தாண்டுக் கணக்குப் புத்தகம்.

எகிப்துக்கும் இது இலவசமாகக் கிடைக்கவில்லை. தன் சொந்த மண்ணில் எங்கே எவ்வளவு படை வைக்கலாம் என்பதில் ஒப்பந்தம் கட்டுப்பாடு விதித்தது. அரபு லீக் அதன் உறுப்புரிமையை நிறுத்திவைத்துத் தலைமையகத்தைத் துனீஸுக்கு மாற்றியது. 1981 அக்டோபர் 6 அன்று சாதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபலஸ்தீன மக்களின் கேள்வி விடையின்றி அப்படியே விடப்பட்டது. சினாய் திரும்பியது, அவர்களுக்கு எதுவும் திரும்பவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அப்படியானால் பிடித்த நிலம் எல்லாம் தானாகத் திரும்பிவிடுமா? இல்லை. அதே 1967ல் சிரியாவிடமிருந்து பிடித்த கோலான் குன்றுகளை இஸ்ரேல் 1981ல் தன் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அது செல்லாது என்று பாதுகாப்புச் சபை அறிவித்த பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே இஸ்ரேலின் வசம் இருப்பது சுமார் 1,200 சதுர கிலோமீட்டர்தான். வீட்டை ஒட்டியே இருக்கிறது. காவல் செலவு குறைவு. சினாயோ பெரிது, தொலைவு, அதன் உரிமையாளர் பெரிய நாடு, அவர் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருந்தார். வைத்திருக்கும் செலவு, விட்டுக்கொடுப்பதன் செலவைவிடக் கூடும்போதுதான் நிலம் கைமாறுகிறது. அநியாயம் என்பதால் மட்டும் அது தானாக முடிந்துவிடுவதில்லை. அதைத் தாங்க முடியாததாக ஆக்கும் பொறுமையும் திட்டமும் வேண்டும். பேச்சுவார்த்தை மேசைக்குச் செல்லும் துணிவும் வேண்டும்.

அனுபவம் பெற்றவர்கள் எல்லோரும் பாடம் பெறுவதும் இல்லை. சினாயை விட்டு வெளியேறி ஆறே வாரத்தில், 1982 ஜூன் 6 அன்று, இஸ்ரேல் லெபனானுக்குள் நுழைந்தது. அங்கிருந்து வெளியேற 2000 மே மாதம் வரை, பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே பிள்ளைகள் இனி "எப்படிப் பிடித்தார்கள்?" என்று கேட்டால், அந்தக் கதையோடு நிறுத்திவிடாமல், "எவ்வளவு நாள் வைத்திருக்க முடிந்தது? என்ன விலை கொடுத்தார்கள்? அங்கே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்றும் அவர்களைக் கேட்க வைப்போம். வரலாற்றை இப்படிப் படிக்கும் பிள்ளை வெற்றிச் செய்தியில் மயங்காது. தோல்விச் செய்தியில் துவண்டும் போகாது.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.